இனக்கவர்ச்சிப் பொறி: யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்

எங்கள் தோப்பில் முதல் பொறியை நான் கட்டியது கிணற்றுமேட்டில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில். தண்ணீர் எடுத்துவிடப் போகும்போதெல்லாம் கண்ணில் படும், எண்ணிப் பார்க்க வசதி என்று நினைத்தேன். சிவப்புக் கூன்வண்டுக்கான வாளிப் பொறி அது. முதல் மாதமே இருபத்துச் சொச்சம் வண்டு விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாளியைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற தென்னைகளைப் பார்த்தார். ஆறு வருஷத்துக் குட்டை ரகம், அப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருந்தது.

“ஏனுங்க மாப்ள, விருந்துக்குக் கூப்பிட்டுப் போட்டு வந்தவனையெல்லாம் ஒரே வாசல்லயே நிறுத்திப்போடுவீங்களா?” என்றார்.

அவர் சொன்னது அடுத்த மழைக்காலத்தில்தான் புரிந்தது. பொறியைச் சுற்றி நின்றவற்றில் மூன்று மரம் குருத்து சாய்ந்து போனது. வாசனைக்கு வந்த வண்டுகளில் பாதி வாளிக்குள் விழுந்தது, மீதி பக்கத்து மரத்தில் உட்கார்ந்துவிட்டது. பொறியின் மேல் குற்றமில்லை. யாரைக் கூப்பிடுகிறோம், வந்தவர் எங்கே இறங்குவார் என்று யோசிக்காமல் கட்டியது என் குற்றம்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். பொறியைப் பற்றிக் கூட்டங்களில் “ஏக்கருக்கு ஐந்து கட்டுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பூச்சிக்கு, ஆணா பெண்ணா, பிடிப்பதற்கா எண்ணுவதற்கா என்று யாரும் நின்று சொல்வதில்லை.

வாசனை என்ன செய்கிறது

உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். விற்காமல் நான்கைந்து கூட்டை ஒரு தட்டில் ஒதுக்கி வையுங்கள். அந்துப்பூச்சி வெளிவந்ததும் பெண் அசையாமல் உட்கார்ந்து வயிற்று நுனியை மட்டும் லேசாக வெளியே நீட்டும். தட்டின் மறுகோடியில் இருக்கும் ஆண் அந்து அதைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் இறக்கை படபடக்க, வட்டம் அடித்து, தள்ளாடிக்கொண்டு நேரே அவளிடம் வந்து சேரும். பெண் விட்ட வாசனையை அதன் உணர்கொம்பு பிடித்துவிட்டது.

இந்த வாசனைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பட்டு அந்திலிருந்துதான். ஜெர்மனியில் புடேனாண்ட் என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்து, சுமார் 5 லட்சம் அந்துகளிலிருந்து எடுத்து, 1959-ல் அதன் வேதியமைப்பைச் சொன்னார்கள். இப்படிப்பட்ட வாசனைக்கு ‘பெரோமோன்’ என்ற பெயரும் அதே வருஷம்தான் பிறந்தது. நாம் கடையில் வாங்கும் லூர் என்பது அந்தந்தப் பூச்சியின் வாசனையை ஆலையில் செய்து ரப்பர் குப்பியிலோ சிறு பிளாஸ்டிக் குப்பியிலோ ஏற்றியது. விஷம் எதுவும் அதில் இல்லை.

நம் ஊர்ப் பூச்சிகளை வாசனை வகையில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

காய்ப்புழு, புரோடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழு, மக்காச்சோளப் படைப்புழு, கத்தரிக் காய்த்துளைப்பான், தக்காளி ஊசிப்புழு, பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இவையெல்லாம் அந்துப்பூச்சி ஜாதி. இங்கே வாசனை விடுவது பெண், தேடி வருவது ஆண். பொறியில் விழுவதும் ஆண் மட்டும்தான். முட்டையிடும் பெண் உங்கள் வயலில் சுதந்திரமாகத்தான் இருக்கிறது.

தென்னையின் சிவப்புக் கூன்வண்டு, காண்டாமிருக வண்டு, வாழையின் கிழங்குக் கூன்வண்டு இவற்றில் வாசனை விடுவது ஆண். ‘இங்கே சாப்பாடு இருக்கிறது, வாங்க’ என்று கூட்டம் கூட்டும் வாசனை அது. ஆணும் வரும், பெண்ணும் வரும். அதனால் இங்கே பொறி உண்மையாகவே பூச்சியைக் குறைக்கும். மரத்துக்கு நடுவில் கட்டினால் ஆபத்தாக முடிவதும் இதனால்தான்.

மூன்றாவது பழ ஈ. பந்தல் காய்கறி ஈக்குக் கியூலூர், மா, கொய்யா ஈக்கு மெத்தில் யூஜினால். இவை ஈயின் சொந்த வாசனை இல்லை, ஆண் ஈ மயங்குகிற பொருள்கள். துளசியில் மெத்தில் யூஜினால் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொய்யாத் தோட்டத்தில் துளசியைக் கசக்கிக் கொட்டாங்குச்சியில் வைத்தவர்கள் பெயர் தெரியாமலே லூர் கட்டியிருக்கிறார்கள்.

முதல் வேலை: பூச்சியைப் பார்த்து உறுதி செய்வது

லூர் ஒவ்வொன்றும் ஒரு பூச்சிக்குத்தான். தக்காளியில் காய்ப்புழு என்று நினைத்து அந்த லூரை வாங்கிக் கட்டி, வயலில் இருப்பது ஊசிப்புழுவாக இருந்தால் ஒரு மாதம் வெறும் பையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஊசிப்புழு இந்தியாவில் தென்பட்டதே 2014-ல்தான். இலைக்குள் கொப்புளம் போல வெள்ளையாகச் சுரண்டியிருக்கும், காயில் குண்டூசி குத்தினது போலத் துளை இருக்கும். காய்ப்புழு அப்படியல்ல. துளை பெரிதாக, வட்டமாக இருக்கும், பாதி உடம்பு வெளியே தொங்கும்.

மக்காச்சோளத்தில் குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போலக் கழிவு கிடந்து, புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறியும் வால்பக்கம் சதுரமாக நாலு புள்ளியும் இருந்தால் படைப்புழு. 2018-ல் இந்தியாவுக்குள் வந்தது. கோழித் தீவனத்துக்கென்றே மக்காச்சோளம் போடும் குடிமங்கலம், தாராபுரம் பக்கமெல்லாம் அந்த வருஷம் பட்ட பாடு மறக்காது.

சந்தேகம் இருந்தால் புழுவை ஒரு டப்பாவில் போட்டு, கோவை வேளாண் பல்கலைக்கோ, ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, கோபியில் இருக்கும் மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்துக் கடையில் காட்டினால் லூர் தருவார்கள். அதோடு ஒரு பாட்டிலும் தருவார்கள்.

வெள்ளை ஈக்கு லூர் கேட்டு இன்னும் பல பேர் வருகிறார்கள். பொள்ளாச்சியில் 2016 முதல் தென்னையைப் படுத்தும் சுருள் வெள்ளை ஈக்கு இந்த வகைப் பொறி கிடையாது. அதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறிதான். அது வாசனைக்கு அல்ல, நிறத்துக்கு வருவது.

இரண்டாவது: வாங்குவதும் வைப்பதும்

பொறி வாங்குவது பெரிய காரியமில்லை. அந்துகளுக்குப் புனல் பொறி: மேலே மூடி, அதன் அடியில் லூர் செருகும் இடம், கீழே புனல், புனலில் நீளமான பாலித்தீன் பை. ஊசிப்புழு, கத்தரித் துளைப்பான் போலச் சின்ன அந்துகளுக்குத் தண்ணீர்ப் பொறியோ ஒட்டு அட்டை வைத்த முக்கோணப் பொறியோ நல்லது. ஏக்கருக்கு ஐந்து பொறியும் லூரும் சேர்த்து, ஒரு தடவை மருந்து அடிக்கிற செலவுக்குள் அடங்கிவிடும்.

ஏமாறுவது லூரில்தான். போன வருஷம் ஒரு கடையில் வாங்கினேன். கண்ணாடி அலமாரியில் மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடத்தில் தோரணம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளில் ஒரு அந்து கூட விழவில்லை. பூச்சியே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். வயலுக்குள் போய்ப் பார்த்தால் குருத்தெல்லாம் சல்லடை. வாசனை கடையிலேயே பறந்து போயிருக்கிறது.

அதனால் உறை மேல் தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டும் பாருங்கள். உறை ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். வாங்கியதும் உறை பிரிக்காமல் பிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள், ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தால் சமாளிக்கலாம். கட்டப் போகும் அன்றுதான் உறையைக் கிழிக்க வேண்டும்.

கைக்கு உறை போடுங்கள். கிடைக்காவிட்டால் சுத்தமான பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். புகையிலை, மருந்து, வெங்காயம் தொட்ட கையால் லூரைத் தொடக்கூடாது. இரண்டு வகை லூர் கட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கட்டி முடித்து, கையுறை மாற்றி, அப்புறம் அடுத்தது. ஒரே பொறியில் இரண்டு லூர் வைப்பது சிக்கனமில்லை, வீண். கிழித்த உறையை வயலிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். அதிலும் வாசனை ஒட்டியிருக்கும், அந்து அங்கே போய்ச் சுற்றும்.

மூன்றாவது: அந்துப் பொறி கட்டும் முறை

எப்போது? பூச்சியைப் பார்த்த பிறகு அல்ல. மக்காச்சோளத்துக்கு முளைத்த வாரமே. கத்தரிக்கு நட்டு பதினைந்து இருபது நாளில். தக்காளிக்குப் பூ எடுப்பதற்கு முன்பு. அந்து வரும் முதல் நாளைப் பிடிக்கத்தான் பொறி. அந்த நாள் தாண்டிப் போனால் பொறியிலிருந்து கிடைக்கும் செய்தியில் பாதி போய்விட்டது.

எத்தனை? வேவு பார்க்க ஏக்கருக்கு ஐந்து. படைப்புழுவுக்கு ஆண் அந்துகளைக் கூட்டமாகப் பிடித்துக் குறைக்க வேண்டும் என்றால் ஏக்கருக்குப் பதினைந்து. கத்தரித் துளைப்பானுக்கு அதே நோக்கத்தில் நாற்பது வரை போகிறார்கள்.

எங்கே? புனலின் வாய் பயிரின் தலைக்கு ஒரு அடி மேலே. பயிர் வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும். நிறையப் பேர் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள், மக்காச்சோளம் ஆளுயரம் போனபின் பொறி உள்ளே முங்கிக் கிடக்கும். குச்சியில் ஒரே ஆணியில் அடிக்காமல் கம்பி போட்டு நகர்த்தும்படி கட்டினால் வேலை மிச்சம். கத்தரித் துளைப்பானுக்குப் பயிரின் தலை உயரத்திலேயே. தக்காளி ஊசிப்புழு தாழப் பறக்கும், தரையிலிருந்து முழங்கால் உயரம் போதும்.

காற்று இங்கே தனிக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து ஒரே சீராக அடிக்கும். வாசனை காற்றோடு கிழக்கே போகும், அந்து காற்றை எதிர்த்துப் பறந்து வரும். வயலின் மேற்குக் கரையை ஒட்டி இரண்டு பொறி இருந்தால் வாசனை வயல் முழுக்க ஓடும். ஆடிக் காற்றில் பை சுருண்டு புனலை அடைத்துக்கொள்ளும், சில நாள் பையே காணாமல் போகும். பையின் அடிமுனையை ஒரு நூலால் குச்சியோடு கட்டி வைத்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. காலையில் பார்த்தால் பையில் இறக்கை மட்டும் கிடந்தது, உடம்பைக் காணோம். எறும்பு. குச்சியில் நான்கு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு தின்றது போக மிச்சத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

லூரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று வாரமே அதிகம். மாற்றும் தேதியை மூடி மேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

நான்காவது: நோட்டு

அந்துப் பொறியில் பாதி வேலை நோட்டில்தான் நடக்கிறது. ஆண் அந்து ஒன்று பல பெண்களோடு சேரும். பத்தில் எட்டு ஆணைப் பிடித்தாலும் மீதி இரண்டு போதும், முட்டைக்குப் பஞ்சம் வராது. பக்கத்துக் காட்டில் சேர்ந்துவிட்டு வரும் பெண்ணை எந்தப் பொறியும் தடுக்காது. ஆக, பையில் கிடக்கும் குவியலைப் பார்த்து ‘இத்தனை செத்தது’ என்று திருப்திப்படாதீர்கள். ‘இத்தனை வந்திருக்கிறது, நாளை மறுநாள் முட்டை இருக்கும்’ என்று படியுங்கள்.

வாரம் இரண்டு நாள், காலையில், தண்ணீர் கட்டப் போகும்போது பையை அவிழ்த்து எண்ணிக் கொட்டுங்கள். தேதி, பொறி எண், எத்தனை அந்து, மழை பெய்ததா. இவ்வளவு போதும். எங்கள் நோட்டு என் மகளின் பழைய ரெட்டை வரி நோட்டு. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: “ஐப்பசி 9, செவ்வாய். 1-ல் 0, 2-ல் 2, 3-ல் 0, 4-ல் 5, 5-ல் 1. நேற்று ராத்திரி தூறல்.” நான்காம் பொறி மட்டும் ஏன் அதிகம் என்று போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு மாதம் முன்னாலேயே விதைத்திருந்தார். அங்கிருந்து வருகிறது.

விழுந்ததெல்லாம் நம் பூச்சி என்றும் எண்ணிவிடாதீர்கள். வேறு அந்துகளும் வரும். படைப்புழு ஆண் அந்தின் முன்னிறக்கை நுனியில் வெளுத்த திட்டு இருக்கும். புரோடீனியாவுக்கு இறக்கை முழுக்க வெள்ளைக் கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். காய்ப்புழு அந்து வைக்கோல் நிறம், இறக்கை நடுவில் அவரை விதை போலக் கருத்த பொட்டு.

எண்ணிக்கை ஏறினால் என்ன செய்வது? படைப்புழு முட்டை நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் சலுகை. பொறியில் மூன்று அந்து தட்டுப்பட்டால் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியின், அதாவது முட்டை ஒட்டுண்ணியின், அட்டையை ஏக்கருக்கு 50,000 என்ற கணக்கில் வாராவாரம் கட்டலாம். அந்த ஒட்டுண்ணி முட்டையைத்தான் தேடும், புழு வந்தபின் கட்டிப் பயனில்லை. அதே வாரம் வயலுக்குள் நடந்து இலை அடியில் ரோமம் மூடிய முட்டைக் குவியலைக் கையால் நசுக்குங்கள். புழு தென்பட ஆரம்பித்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. அதையும் மீறினால்தான் மருந்து. அப்போதும் குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும், இலை மேல் தெளித்துப் பயனில்லை. ஒட்டுண்ணி கட்டிய வாரத்தில் மருந்து அடித்தால் முதலில் சாவது ஒட்டுண்ணிதான்.

பருத்தி இப்போது நம் பக்கம் குறைந்துவிட்டது. போட்டிருப்பவர்களுக்கு: இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பொறி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 8 அந்து, தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் அதுதான் நடவடிக்கை எடுக்கும் அளவு. காய்க்குள் இருக்கும் புழுவைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் இந்த எண் முக்கியம்.

கத்தரியில் பொறி மட்டும் கட்டிவிட்டு உட்கார முடியாது. வாடித் தலை தொங்கும் நுனித் தண்டை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்து எரித்தால்தான் பொறிக்கு மரியாதை. கிள்ளியதை வரப்பில் போட்டால் புழு நடந்து திரும்பிவிடும். நிலக்கடலைக்காரர்கள் வரப்பில் கொட்டமுத்து (ஆமணக்கு) செடி நட்டு, அதில் புரோடீனியா முட்டையைப் பொறுக்குவது பழைய வழக்கம். பொறி எப்போது பொறுக்க வேண்டும் என்று நாளைச் சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னைக்கு வாளிப் பொறி

இங்கே கணக்கே வேறு. ஆணும் பெண்ணும் வருவதால் பிடிப்பது பலன் தரும். ஒரு பெண் கூன்வண்டு குறைந்தால் அது இடவிருந்த நூற்றுக்கணக்கான முட்டை குறைகிறது.

ஐந்து லிட்டருக்கு மேல் கொள்ளும் மூடி போட்ட வாளி ஒன்று. வாய்க்குச் சற்றுக் கீழே நாலு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு ஓட்டை. வாளியின் வெளிப்பக்கம் முழுக்கச் சாக்கைச் சுற்றித் தைத்துவிடுங்கள். வண்டு நேராக ஓட்டைக்குள் பறந்து போகாது. வாளியில் மோதி உட்கார்ந்து, ஏறி, ஓட்டையைத் தேடி இறங்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காது, வழுக்கி விழுந்து மரத்துக்குப் போய்விடும். மூடியின் உள்பக்கம் நடுவில் கம்பி போட்டு லூரைத் தொங்கவிடுங்கள், தண்ணீரைத் தொடக்கூடாது.

லூர் மட்டும் வைத்தால் வண்டு பக்கம் வரை வரும், உள்ளே வராது. அழுகும் பழத்தின் புளித்த வாடைதான் உள்ளே இழுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கனிந்த வாழைப்பழம் இரண்டு மூன்று, இல்லாவிட்டால் நசுக்கிய கரும்புத் துண்டு, ஒரு சிட்டிகை ஈஸ்ட். கள் இறக்கிய காலத்தில் கள்ளுப் பானையில் கூன்வண்டு விழுந்து கிடப்பதை எங்கள் அப்பாரு சொல்லக் கேட்டிருக்கிறேன், அதே ருசிதான். இந்தக் கரைசலை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வற்றிப்போன வாளி கூப்பிடும், பிடிக்காது. அதைவிட வாளி இல்லாமலே இருக்கலாம்.

ஐந்து ஏக்கருக்கு ஒரு வாளி என்பது பல்கலைக் கணக்கு. இடுப்பு உயரத்தில், நிழலில். நேர் வெயில் பட்டால் லூர் சீக்கிரம் தீரும். நிழலில் மூன்று மாதம் தாங்கும். இனி இடம். தென்னை மரத்தில் கட்டவே கூடாது. ஐந்து முதல் இருபது வயசு மரங்கள்தான் இந்த வண்டுக்குப் பிடித்தவை. அவற்றை விட்டு விலகி, வேலிக்கரையில் வேம்பிலோ கல்லுக்காலிலோ கட்டுங்கள். இளந்தோப்பு மட்டும் வைத்திருப்பவர்கள், சுற்றியுள்ளவர்கள் கட்டாமல் தாங்கள் மட்டும் கட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். ஊர் வண்டையெல்லாம் உங்கள் வேலிக்குக் கூப்பிட்டது போலாகிவிடும். ஒரு பகுதி முழுக்க, பத்துத் தோப்புக்காரர்கள் பேசி வைத்து ஒரே மாதத்தில் கட்டினால் இதே பொறி நன்றாக வேலை செய்யும்.

ஏற்கெனவே வண்டு புகுந்த மரத்தைப் பொறி காப்பாற்றாது. தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிறதா, மென்று துப்பிய நார் தெரிகிறதா, காதை வைத்தால் உள்ளே கறகறவென்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அந்த மரத்துக்கு வேறு வைத்தியம். அதோடு, பச்சை மட்டை வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பச்சைக் காயத்தின் வாடை எந்த லூருக்கும் குறைந்ததில்லை.

காண்டாமிருக வண்டுக்கு லூர் வேறு, வாளி வேறு. அது குருத்தைக் குடைந்து தின்னும், மட்டை விரிந்தபின் கத்தரிக்கோலால் வெட்டினது போலத் தெரியும். அந்தக் காயத்தில்தான் கூன்வண்டு பிறகு முட்டையிடும், ஆகவே இதைப் பிடிப்பது அதையும் தடுப்பது. ஆனால் இந்த வண்டு பிறப்பது உங்கள் குப்பைமேட்டில். பொறியை வேலியில் கட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு வருஷக் குப்பையை அப்படியே விட்டு வைத்தால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வளர்க்கிறோம். குப்பையைக் கிளறி வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம் கலந்துவிடுங்கள், பட்ட மரத்தைத் தோப்பில் கிடத்தாதீர்கள். இளமரத்துக் குருத்திடுக்கில் நாப்தலின் உருண்டை மூன்று, 45 நாளுக்கு ஒருமுறை.

வாழைக்காரர்களுக்கு ஒரு வரி: கடையில் கிடைக்கும் வாழை லூர் கிழங்குக் கூன்வண்டுக்குத்தான். தண்டுக் கூன்வண்டுக்குத் தார் வெட்டிய தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, காலையில் புரட்டிப் பொறுக்குவதுதான் இன்னமும் நல்ல வழி.

பந்தலுக்குப் பழ ஈப் பொறி

புடலை, பாகல், பீர்க்கன் போடுபவர்கள் பூ வருவதற்கு முன்பே ஏக்கருக்குப் பத்துப் பொறி தொங்கவிட வேண்டும். ஈ பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டை வைத்தபின் எந்த மருந்தும் எட்டாது. கடைப் பொறி இல்லாவிட்டாலும் தண்ணீர் பாட்டில் போதும். பக்கத்தில் இரண்டு ஓட்டை, உள்ளே கம்பியில் கியூலூர் கட்டை, அடியில் சோப்புத் தண்ணீர். முன்பு ஈ சாக டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சு வைக்கச் சொல்வார்கள். 2020 கடைசியோடு அதற்குத் தடை வந்துவிட்டது. யாராவது பழைய பாட்டிலை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

கியூலூருக்கும் ஆண் ஈ மட்டும்தான் வரும். பெண்ணுக்கு என்ன வழி? கருவாடு. முட்டை கட்டப் புரதம் தேடி அலையும் பெண் ஈ ஈரக் கருவாட்டுத் தூளுக்கு வரும். பாலித்தீன் பையில் ஐந்து கிராம் போட்டு, நனைத்து, சின்ன ஓட்டைகள் போட்டுப் பந்தலில் தொங்கவிட வேண்டும், இருபது நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாற்றம் தாங்காது, பூனை வரும். ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பந்தலில்தான் எனக்குச் சொத்தை குறைந்தது. வெம்பி விழுந்த காயை அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் சாக்கில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். பந்தலடியில் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி மறுபடி ஈயாக வரும்.

வெள்ளாமை முடிந்தபின்

புனல் பொறிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தித் தோட்டத்துச் சாளை வீட்டில் எடுத்து வையுங்கள். எந்தப் பொறியில் எந்த லூர் இருந்ததோ, அடுத்த முறையும் அதே லூர்தான். பிளாஸ்டிக்கில் வாசனை ஊறிவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. மகளின் நகச்சாயத்தை வாங்கி மூடியில் அடையாளம் வைத்திருக்கிறேன்: சிவப்பு என்றால் படைப்புழு, ரோஸ் என்றால் காய்ப்புழு. பழைய லூரை வயலில் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்துக் குழியில் போட்டு மூடிவிடுங்கள்.

கூன்வண்டு வாளி மட்டும் கழற்றுவதில்லை, அது வருஷம் முழுக்க வேலியில் இருக்கும். கிணற்றுமேட்டிலிருந்து எடுத்துத் தென்கிழக்கு மூலையில், கிளுவை வேலி முடிகிற இடத்து வேம்பில் மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. மருந்து எதுவும் கலக்காததால் விழுந்த வண்டைச் சனிக்கிழமைதோறும் கோழிகளுக்குக் கொட்டுகிறேன். வாளியைக் கையில் எடுத்தாலே கொட்டகையிலிருந்து ஓடி வந்துவிடுகின்றன. போன சனிக்கிழமை ஏழு.